பழைய நண்பர்களோடு டெல்டாவில் ஒரு நாள் வேட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கலும் கோடை விடுமுறையும் நெருங்கும்போது, சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கும் பள்ளித் தோழர்கள் ஊருக்கு வரும் தேதியைச் சொல்லிவிட்டு அடுத்ததாகக் கேட்பது வேட்டையைப் பற்றித்தான். மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருப்பவன் என்பதால், என்னுடைய நண்பர்கள் மட்டுமல்லாமல் அவர்களுடைய நண்பர்களும் என்னிடமே கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை அவரவர் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

“எல்லாரும் பொங்கலுக்கு ஊருக்கு வர்றோம். சின்ன வயசுல போன மாதிரி கொக்கு, மடையான் அடிக்கப் போகலாமா?”

கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் சிலவகை வேட்டைக்கு உரிமம் தர இடம் வைத்திருந்தது. 1991-இல் வந்த திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. கொக்கு, மடையான், நாரை, கௌதாரி, முயல், உடும்பு, மயில் என நம் வயல்வெளியில் கண்ணில் படும் பறவைகளும் விலங்குகளும் ஏறத்தாழ எல்லாமே இன்று அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன.

பொதுவாக இந்தக் குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மயில், உடும்பு போன்ற, சட்டத்தின் முதல் அட்டவணையில் கூடுதல் பாதுகாப்போடு பட்டியலிட்ட உயிரினமாக இருந்தால் சிறைத்தண்டனை 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை போகும். அபராதமும் 25,000 ரூபாய்க்குக் குறையாது. வெளிநாட்டு வேலையில் இருப்பவர்கள், ஒரு வழக்கு பதிவானால் பாஸ்போர்ட் புதுப்பிப்பதில் தொடங்கி எத்தனை இடத்தில் அது குறுக்கே நிற்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நாம் சிறுவர்களாக இருந்தபோது வயலில் ஏர் ஓடினால் பின்னாலேயே வெள்ளையாக இறங்கும் கொக்குக் கூட்டம் உழவருக்குக் கூலியில்லாமல் புழு பொறுக்கிக் கொடுத்தது. நத்தைகுத்தி நாரை இன்றும் நம் வயல் நத்தைகளைத் தின்றுதான் உயிர் வாழ்கிறது. விருந்துக்காக அவற்றைச் சுடுவதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன்.

“துப்பாக்கி இல்லாம, சும்மா உண்டிவில்லு, கண்ணி வெச்சா அதுவும் வேட்டையா?”

ஆம். கொல்வது மட்டுமல்லாமல் பிடிப்பது, கண்ணி வைப்பது, இரை வைத்து ஈர்ப்பது, விரட்டுவது, முட்டையையும் கூட்டையும் கலைப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். கையில் இருப்பது ஏர்கன்னா உண்டிவில்லா நரம்புக் கண்ணியா என்பதால் எந்த வேறுபாடும் வராது.

“நாங்க அடிக்கல. ரோட்டோரம் விக்கிறத வாங்கிச் சமைச்சா தப்பா?”

அதுவும் தப்புதான். பாதுகாக்கப்பட்ட பறவையின் இறைச்சியை விற்பவர், வாங்குபவர், வைத்திருப்பவர் எல்லோருமே குற்றத்துக்குள் வருகிறார்கள். வலசைப் பறவைகள் டெல்டாவுக்கு வரும் ஐப்பசியிலிருந்து மாசி வரையிலான மாதங்களில்தான் இந்த விற்பனையும் கூடுகிறது. வெளியூரிலிருந்து கார் எடுத்து வந்து கேட்பவர்கள் இல்லையென்றால் இரவில் வலை விரிப்பவருக்கு அதில் பெரிய வரும்படி இருக்காது. யாரிடமும் “கொக்கு கிடைக்குமா?” என்று கேட்டு வைக்காதீர்கள்.

“அப்போ வேட்டைன்னு எதுதான் மிச்சம்?”

இரண்டு இருக்கின்றன: ஒன்று மீன், மற்றொன்று வயல் எலி. விடியலில் எழுந்து வரப்பில் நடப்பது, சத்தம் காட்டாமல் காத்திருப்பது, கைக்கு வந்ததைக் கரையிலேயே சுத்தம் செய்து கல் அடுப்பில் வைப்பது, அது கொதிக்கும்வரை பழைய கதைகளைப் பேசுவது ஆகிய எல்லாவற்றுக்கும் மீன் போதும். நாற்பது வயதைத் தாண்டிய தோழர்கள் ஒன்றுகூடும்போது அவர்கள் தேடுவது பெரும்பாலும் இவற்றைத்தான் என்பது என் எண்ணம். கொக்கு அதற்கு ஒரு சாக்காக இருந்தது, அவ்வளவே.

“எந்த மாசம் வந்தா மீன் நல்லா படும்?”

மேட்டூர் அணையின் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். வழக்கப்படி ஜூன் 12-இல் அணை திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். நீர்வரத்தைப் பொறுத்து இது முன்பின் ஆகும். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, கடைமடைக்கு எட்டுவதற்கு மேலும் நாட்கள் பிடிக்கும். புதுத் தண்ணீர் வாய்க்காலில் நுழையும் அந்த வாரத்தில் மீன் எதிர்நீச்சல் போட்டு ஏறும். வயல் மடையில் பறி என்னும் மீன் பிடிக்கும் கூடு வைத்துப் பிடிப்பவர்களுக்கு அது நல்ல காலம். வடகிழக்குப் பருவமழையில் வரப்பு தெரியாமல் தண்ணீர் நிற்கும்போதும் மீன் வயலுக்கு ஏறும். ஆனால் அந்த நாட்களில் விருந்தினரை அழைத்துக்கொண்டு வெளியே போவது புத்திசாலித்தனமல்ல.

பொங்கல் சமயத்தில் பெரும்பாலும் ஆற்றில் ஓட்டம் இருக்கும். வாய்க்கால் கரையில் தூண்டில் போடலாம். எனக்குப் பிடித்த பருவம் அணை மூடிய பிறகு வரும் மாசி, பங்குனிதான். ஓட்டம் நின்று ஆங்காங்கே மடுக்களில் தண்ணீர் தேங்கித் தெளியும், மீன் ஓரிடத்தில் அடங்கும், வெயிலும் கொல்லாது.

“ஏப்ரல்ல மீன்பிடித் தடைக்காலம்னு நியூஸ்ல வருதே, தூண்டில் போடலாமா?”

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்த 61 நாள் தடை, கிழக்குக் கடலில் செல்லும் விசைப்படகுகளுக்கானது. வாய்க்காலில் தூண்டில் போடுபவரை அது கட்டுப்படுத்தாது.

“ஆறு, குளமெல்லாம் பொதுதானே? யார்கிட்ட கேக்கணும்?”

இந்த நினைப்பால்தான் அதிகம் சண்டை வருகிறது. ஊராட்சிக் குளமும் ஏரியும் பெரும்பாலும் மீன்பாசிக் குத்தகைக்கு ஏலம் போயிருக்கும். குத்தகைதாரர் குஞ்சு வாங்கி விட்டு, தீனி போட்டு வளர்த்திருப்பார். அவரிடம் சொல்லாமல் தூண்டில் போடுவது அவருடைய வயலில் கதிர் அறுப்பதற்குச் சமம். கேட்டால் பலரும் ஒரு தொகை வாங்கிக்கொண்டோ, பிடித்ததை எடை போட்டு விலை வாங்கிக்கொண்டோ இசைவார்கள். கோயில் குளத்தில் மீன் பிடிக்கவே கூடாது என்று சில ஊர்களில் கட்டுப்பாடு உண்டு. அதை மதிக்க வேண்டும். வயல் மடையில் பறி வைப்பதற்கு வயல்காரரின் சம்மதம் தேவை.

ஓடும் வாய்க்காலிலும் ஆற்றோரத்திலும் தூண்டில் போடுவோரை ஊரில் யாரும் தடுப்பதில்லை என்றாலும், மதகு, தலைப்பு, ரெகுலேட்டர் இருக்கும் இடங்களைத் தவிர்த்து விடுங்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கோடியக்கரை ஆகியவை சரணாலயங்கள். அங்கே தூண்டில் பையோடு நிற்பதே தவறு.

“ஆன்லைன்ல பெரிய ராடு, ரீல் எல்லாம் வாங்கிட்டு வரவா?”

தேவையில்லை. நேரான மூங்கில் கழி, நைலான் நரம்பு, இரண்டு மூன்று அளவில் தூண்டில் முள், மயிலிறகுக் காம்பிலோ நெட்டியிலோ செய்த தக்கை, சிறு ஈயக் குண்டு இருந்தால் கெண்டைக்கும் கெளுத்திக்கும் சிலேபிக்கும் போதும். மண்புழுவை ஊரிலேயே மாட்டுத் தொழுவத்து ஓரம் தோண்டிக்கொள்ளலாம். நேரத்தைக் கழிப்பதற்கு அதுவே நல்ல தொடக்கம்.

“விரால் ஒண்ணாவது பிடிச்சாகணும். எப்படி?”

பொறுமை வேண்டும். விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால், கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போகும். அல்லியும் ஆகாயத்தாமரையும் அடர்ந்த ஓரத்தில், அசையாமல் உட்கார்ந்தால், “பொளக்” என்று ஒரு சத்தமும் தொடர்ந்து ஒரு சிறு வட்டமும் தெரியும். அந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு, இரை அதற்குச் சற்று முன்னே விழுமாறு போட்டு, மெல்ல இழுக்க வேண்டும். கரையில் நிழல் அசைந்தாலும் காலடி அதிர்ந்தாலும் அது திரும்பி வர நெடுநேரம் ஆகும். நான்கு பேர் ஒரே இடத்தில் நின்று பேசிக்கொண்டு விரால் பிடிக்க முடியாது. ஆளுக்கொரு கரையாகப் பிரிந்துகொள்ளுங்கள். முன்பு உயிருள்ள தவளையை முள்ளில் கோப்பார்கள். வயல் பூச்சியைத் தின்னும் தவளையை அப்படி வதைப்பதற்குப் பதிலாக, இப்போது தூண்டில் கடைகளில் கிடைக்கும் ரப்பர் தவளையைப் பயன்படுத்துங்கள். விரால் அதையும் பாய்ந்து பிடிக்கிறது.

மழைக்காலத்தில் நீர்ப்பரப்புக்குச் சற்றுக் கீழே செம்பொடியைத் தூவியதுபோல் ஒரு சிறு கூட்டம் கொதித்துக்கொண்டே நகர்வதைப் பார்ப்பீர்கள். அது விரால் பார்ப்பு. அடியில் பெற்ற மீன் காவல் நிற்கும். குஞ்சுகளுக்கு ஆபத்து என்று நினைத்து எதன் மீதும் பாயும் என்பதால் அந்த நேரத்தில் அதைப் பிடிப்பது மிக எளிது; அதனாலேயே பிடிக்கக் கூடாது. காவல் போன கூட்டத்தைக் கெண்டையும் கொக்கும் வெகு சீக்கிரம் தீர்த்துவிடும், அடுத்த கோடையில் அந்த மடுவில் விரால் இருக்காது.

“கெளுத்தி முள்ளு குத்தினா என்ன பண்றது?”

கெளுத்தியின் முதுகிலும் செவுளுக்குப் பின்னே இரண்டு பக்கத்திலும் முள் இருக்கிறது. தலைக்குப் பின்னால் முட்களுக்கிடையே விரல் கொடுத்துப் பிடிக்கத் தெரிந்தவர் மட்டும் மீனைத் தூண்டிலிலிருந்து கழற்றட்டும். கெளுத்தியைப் போன்ற இன்னொரு மீனான தேளியின் முள்ளில் நஞ்சு உண்டு. கை முழுவதும் கடுக்கும். தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தால் வலி தணியும். வீக்கம் ஏறினால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

“தூண்டில் போட்டா பொழுதே போயிடும். பேட்டரி கரண்ட் விட்டு ஒரே அடியில பிடிச்சிடலாம்ங்கிறான் ஒருத்தன்.”

அந்த நபரை அன்று கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தண்ணீரில் வெடி போடுவதும் நஞ்சு கலப்பதும் 1897-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டக் காலத்திலிருந்தே குற்றம். மின்சாரம் பாய்ச்சுவது அதைவிட மோசமானது. குஞ்சு, முட்டை, நண்டு, தவளை என்று அந்த இடத்தில் உள்ள எல்லாவற்றையும் அது அழிக்கும். ஈரக் காலோடு நிற்கும் நண்பனையும் சேர்த்து அழிக்கும்.

“எலி வேட்டைக்கு வந்து பார்க்கலாமா? சட்டம் ஒண்ணும் சொல்லாதா?”

தாராளமாக வரலாம். நம் பகுதியின் வயல் எலிகள் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இல்லை. அதோடு, நெல்லுக்கு அவை செய்யும் சேதத்தை டெல்டாவில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வரப்பில் புதிதாகத் தள்ளிய ஈரமண் குவிந்திருந்தால் அங்கே வளை இருக்கிறது என்று பொருள். உள்ளே பல கிளைகள் பிரியும். ஆழத்தில் ஓர் அறையில் கதிர்களை வெட்டி அடுக்கி வைத்திருக்கும். அறுப்புக்குப் பிறகு வளையை வெட்டி அந்த நெல்லைச் சேர்த்துக் கஞ்சி காய்ச்சிய குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. அதை வேடிக்கையாகப் பேசாதீர்கள்.

பார்த்தே ஆக வேண்டியது தஞ்சாவூர் எலிக்கிட்டி. மூங்கில் பிளாச்சை வில்லாக வளைத்து நாணேற்றிச் செய்யும் இந்தப் பொறியை எலி பிடிப்பவர் பொழுது சாயும்போது வரப்போரமாக வரிசையாக நட்டு விட்டு, விடியலில் வந்து எடுப்பார். எலி இரையைக் கடித்து இழுத்த நொடியில் வில் நிமிர்ந்து கழுத்தை இறுக்கிவிடும். நஞ்சு இல்லை, மின்சாரம் இல்லை, ஆந்தைக்கும் நாய்க்கும் கெடுதல் இல்லை. பிடித்த எலியைக் கணக்கிட்டு வயல்காரர் கூலி கொடுப்பார். நீங்கள் அவரோடு போவதானால் அவருடைய நேரத்துக்கு உரிய தொகையை முன்பே பேசிக் கொடுத்துவிடுங்கள். அவரை வயதுக்கு ஏற்ப அண்ணன் என்றோ பெரியவர் என்றோ அழையுங்கள். விருந்தாளியாக வந்தவர்கள் அவரை ஒருமையில் கூப்பிட்டு, “அங்க வெட்டு, இங்க வெட்டு” என்று ஏவுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வயலில் அவர்தான் ஆசிரியர் என்பது அவர்களுக்குப் புரியவில்லை.

வளையை வெட்டினால் வரப்பை மூடி மிதித்துக் கெட்டிப்படுத்திவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வளைக்குள் யாரும் கையை விடக் கூடாது.

“பிடிச்ச எலியச் சாப்பிடலாமா?”

வயல் எலியைச் சுட்டுச் சமைப்பது பல குடும்பங்களில் வழக்கம். அதில் இழிவு எதுவுமில்லை. ஆனால் வயலில் சமீபத்தில் எலி மருந்து வைத்திருக்கிறார்களா என்று வயல்காரரிடம் கேட்டுத் தெளியாமல் தொடாதீர்கள். கிறுகிறுத்து நிற்கும் எலி, செத்துக் கிடக்கும் எலி இரண்டும் சமையலுக்கு ஆகாது. குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும்.

“பாம்பு பயமா இருக்கு. காய்ச்சல் வரும்னும் சொல்றாங்க.”

பயம் நியாயமானதே. எலி இருக்கும் இடத்தில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் இருக்கும். முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ், நல்ல வெளிச்சம் தரும் டார்ச், முன்னே தட்டிக்கொண்டு போக ஒரு கழி ஆகியவை கட்டாயம். கடி பட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல், 108-ஐ அழைத்தோ இருக்கும் வண்டியிலோ அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. எந்தப் பாம்பு என்று தெரிந்துகொள்ள அதைத் தேடி அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை.

காய்ச்சலில் இரண்டைச் சொல்ல வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீர் காலில் உள்ள புண் வழியாக நுழைந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். ஆகவே காலில் புண் உள்ளவர் சேற்றில் இறங்க வேண்டாம். புதர் ஓரங்களில் உள்ள நுண்ணிய உண்ணிகளால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் இன்னொன்று. அதில் கடிபட்ட இடத்தில் தீச்சுட்டதுபோல் ஒரு கருந்தழும்பு இருக்கலாம். ஊருக்குத் திரும்பிய இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், “டெல்டாவில் வயலில் இறங்கினேன்” என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பெருநகரத்து மருத்துவருக்கு அது தானாகத் தோன்றாது.

“பசங்களையும் கூட்டிட்டு வர்றோம். ஆத்துல குளிக்கலாமா?”

பிள்ளைகள் வரட்டும், தூண்டில் பிடிக்கட்டும். குளிப்பதை மட்டும் தண்ணீர் ஓடும் காலத்தில் தவிர்த்துவிடுங்கள். சிமெண்ட் பூசிய வாய்க்காலின் சரிவில் பாசி படிந்திருக்கும். விழுந்தவருக்குப் பிடித்து ஏறப் பிடிமானம் கிடைக்காது. மதகுக்குக் கீழே தண்ணீர் மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் சுழலும். கொள்ளிடத்தில் மணல் எடுத்த பள்ளங்கள் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியிலேயே ஆளை விழுங்கும். அணைக்கரைப் பக்கம் முதலைகளும் உண்டு. “நாம நீந்தின ஆறுதானே” என்று சொல்பவர்கள், அந்த ஆற்றின் படுகை இப்போது வேறாகிவிட்டது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மது பற்றியும் கேட்கிறார்கள். தண்ணீரும் சேறும் கத்தியும் இருக்கும் இடத்தில் வேண்டாம். கரையில் உடைந்து கிடக்கும் பாட்டில் நாளை நடவுக்கு இறங்கும் ஒரு பெண்ணின் காலைத்தான் கிழிக்கும்.

“பிடிச்சத எப்படிப் பங்கு பிரிக்கிறது? நாலு பேர் பிடிச்சான், ரெண்டு பேர் சும்மா உக்காந்திருந்தான்.”

கரையிலேயே சமைப்பதானால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. விராலை அடுப்புச் சாம்பல் போட்டுக் கல்லில் உரசினால் வழுவழுப்பும் செதிலும் போகும். கல்லுப்பும் புளித்தண்ணீரும் விட்டு அலசினால் மண்வாடை போகும். மாங்காய்க் காலமாக இருந்தால் குழம்பில் நான்கு கீற்றுப் போடுங்கள். அறுவடை முடிந்த வயலில் வைக்கோல் கிடக்கும். அதற்கு அருகில் அடுப்பு மூட்டாதீர்கள்.

வீட்டுக்கு எடுத்துப் போவதானால் நம் ஊர் வழக்கத்தையே பின்பற்றலாம். வாழையிலையில் ஆளுக்கொரு கூறாகப் பெரியதும் சிறியதும் கலந்து வைத்து, ஒருவர் அதைப் பார்க்காமல் திரும்பி நிற்க, மற்றொருவர் ஒவ்வொரு கூறாகத் தொட்டு “இது யாருக்கு?” என்று கேட்க, திரும்பி நிற்பவர் பெயர் சொல்ல வேண்டும். சும்மா உட்கார்ந்திருந்தவருக்கும் ஒரு கூறு உண்டு. செலவை வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஏற்பதே முறை. ஊரில் இருக்கும் நண்பன் புழு தோண்டி, குத்தகைதாரரிடம் பேசி, பாத்திரம் சுமந்து, கடைசியில் துலக்கவும் அவனே போனால், அடுத்த முறை அவன் ஏதாவது வேலை இருப்பதாகச் சொல்வான்.

“எங்க செட்ல ஒருத்தன் ஏர்கன் எடுத்துட்டுத்தான் வருவேன்னு அடம் பிடிக்கிறான். பழைய சிநேகிதன், மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்ல முடியல.”

கிளம்புவதற்கு முன்பே, தொலைபேசியில், தனியாகச் சொல்லிவிடுங்கள். நான்கு பேர் முன்னால் வயலில் வைத்துச் சொன்னால் அது மானப் பிரச்சினையாகிவிடும். முதல் பதிலில் சொன்ன தண்டனை கூட இருந்தவர்களையும் இழுக்கும் என்பதையும், அழைத்துப் போன ஊர்க்காரரின் பெயர்தான் முதலில் கெடும் என்பதையும் எடுத்துச் சொல்லலாம். குறிபார்க்கும் ஆசை உள்ளவரை விடியலில் வடுவூர் ஏரிக்கரைக்கு ஒரு பைனாகுலரோடு அழைத்துப் போங்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த அந்த ஏரியில், குளிர்காலத்தில் தட்டைவாயனும் அரிவாள்மூக்கனும் வாத்துக் கூட்டங்களும் இறங்குவதைப் பார்க்கலாம். அப்படியும் கேட்காதவரை விட்டுவிட்டுப் போவதில் எனக்குத் தயக்கமில்லை.

“வலையில ஆமை மாட்டிக்கிச்சு, இல்ல தூண்டில் நரம்புல பறவை சிக்கிடுச்சுன்னா, நாங்க வேட்டையாடினதா ஆகிடுமா?”

தெரியாமல் சிக்கியதை அப்படியே விடுவித்தால் உங்கள் மேல் குறை சொல்ல எதுவுமில்லை. எடுத்துப் போனால்தான் குற்றம். நம் குளங்களில் உள்ள ஆமையும் முதல் அட்டவணையில் இருக்கிறது. வலையை வெட்டியாவது உடனே தண்ணீரில் விட வேண்டும். பறவையாக இருந்தால் ஈரத்துணியால் கண்ணையும் தலையையும் மூடுங்கள், படபடப்பு அடங்கும். கொக்கு, நாரை இனங்கள் அலகால் நேராகக் கண்ணைக் குத்தும் என்பதால் ஒருவர் அலகைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் நரம்பைச் சிறு துண்டுகளாக வெட்டி எடுக்கட்டும். இழுத்து உருவினால் கால் அறுந்துவிடும். முள் உள்ளே இறங்கியிருந்தாலோ சிறகு முறிந்திருந்தாலோ நீங்களே வைத்தியம் பார்க்காமல் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். கிளம்பும்போது வெட்டிய நரம்பு, முள், அறுந்த வலைத் துண்டு எதையும் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள். பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வந்துவிடுங்கள்.